அடுத்த ஜோடி

1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றது ஊரறிந்த கதை. ஏன் வெறுங்காலோடு ஓடினார் என்பது மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பழகிய ஷூ தேய்ந்துபோயிருந்தது, மாற்றாகக் கிடைத்தது காலில் சரியாக உட்காரவில்லை என்பதே பரவலாகச் சொல்லப்படும் காரணம். பயிற்சியில் வெறுங்காலோடு ஓடி அவருக்குப் பழக்கம் உண்டு. கடிக்கிற ஷூவுக்குப் பழகிய தரையே மேல் என்று ஓடிவிட்டார். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு ஓடி மறுபடியும் தங்கம் வாங்கினார். இரண்டு ஓட்டமுமே அதுவரை யாரும் எட்டாத வேகம். வெறுங்கால் கட்சிக்காரர்கள் ரோமைக் காட்டுவார்கள், ஷூ கட்சிக்காரர்கள் டோக்கியோவைக் காட்டுவார்கள். எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு. ஒலிம்பிக் ஓட்டக்காரரையே மடக்கிய சிக்கல், தேய்ந்த ஷூவுக்கு மாற்று தேடுவது. இன்று கடைக்குப் போகிறவர் கேட்பது "இருப்பதிலேயே நல்ல ஷூ எது?" என்று. கிடைத்திருக்கிற ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், இந்தக் கேள்விக்குப் பொதுவான பதில் இல்லை. "காலுக்குப் பழகியதிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம்?" என்று கேட்டால் பதில் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்: மாற்று ஷூவுக்கான அளவுகோல் விளம்பரத்திலோ கடைக்காரரின் கேமராவிலோ இல்லை, கழற்றி வீசப்போகிற ஜோடியில் இருக்கிறது.

தேய்ந்துவிட்டது என்று எதைச் சொல்கிறோம் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வேலை செய்வதோ ரப்பருக்கும் பாதத்துக்கும் நடுவே இருக்கும் நுரை. 1970களின் நடுவிலிருந்து பெரும்பாலான ஓட்ட ஷூக்களில் இது ஈவிஏ என்கிற பிளாஸ்டிக் நுரைதான். வீட்டில் போட்டுத் திரியும் எடையற்ற நுரைச் செருப்புகள் பலவும் இதே பொருள்தான். உள்ளே வாயு அடைபட்ட எண்ணற்ற நுண்ணறைகள், ஒவ்வொரு அடிக்கும் நசுங்கி எழுகின்றன. எழுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. 1985இல் குக், கெஸ்டர், புரூனட் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இயந்திரத்தில் வைத்து ஷூக்களை 'ஓடவிட்டு' அளந்தார்கள். 80 கிலோமீட்டரிலேயே அதிர்ச்சி தாங்கும் திறன் ஏறக்குறைய 75 சதவீதமாக இறங்கியது. 160 முதல் 240 கிலோமீட்டரில் 67 சதவீதம். 400 முதல் 800க்குள் 60க்கும் கீழே. விலைக்கோ மாடலுக்கோ இதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உண்மையான ஆட்கள் போட்டு ஓடிய ஷூக்கள் 800 கிலோமீட்டருக்குப் பிறகும் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தக்கவைத்திருந்தன. 2004இல் வெர்டெகோவும் மில்ஸும் வெளியிட்ட ஆய்வில், 500 கிலோமீட்டர் ஓடிய ஷூவில் குதிகாலில் விழும் உச்ச அழுத்தம் சராசரியாக இரு மடங்காகியிருந்தது. 750 கிலோமீட்டர் ஓடிய நுரையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது நுண்ணறைகளின் சுவர்கள் சுருங்கி, அங்கங்கே ஓட்டை விழுந்திருந்தன.

ஓட்டக்காரர்கள் வாயில் அடிபடும் 500 முதல் 800 கிலோமீட்டர் என்ற கணக்கு இப்படிப்பட்ட ஆய்வுகளோடு ஒட்டிப் போவதுதான். ஆனால் அதைப் பால் பாக்கெட்டில் அச்சடித்த தேதி மாதிரி எடுத்துக்கொள்வது தப்பு. மேலே சொன்ன எண்களைக் கவனியுங்கள்: பெரிய சரிவு முதல் 80 கிலோமீட்டரிலேயே நடந்துவிடுகிறது, அப்புறம் மெதுவாகத் தேய்கிறது. 499இல் நன்றாக இருந்த ஷூ 501இல் கெட்டுப்போவதில்லை. அதைவிட முக்கியமானது 2009இல் வந்த ஓர் ஆய்வு. கோங் என்பவரும் சகாக்களும் 24 ஓட்டக்காரர்களைப் புது ஷூவில் அளந்து, அதே ஜோடியில் 320 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி அளந்தார்கள். நுரை நைந்திருந்தும் தரை உடம்பின் மேல் திருப்பிக் கொடுக்கும் விசை ஏறவில்லை. பாதம் தரையில் நிற்கும் நேரம் சற்றுக் கூடி, கணுக்காலின் கோணம் சற்று மாறி, நுரை விட்ட வேலையை உடம்பு தன் கையில் எடுத்துக்கொண்டிருந்தது. ஓடியவருக்கு அது தெரியக்கூட இல்லாமல் இருந்திருக்கும்.

மாற்று ஷூவைப் பற்றிய பேச்சில் இந்த முடிவுக்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். தேய்மானம் மாதக்கணக்கில் நடக்கிறது; உடம்பும் மாதக்கணக்கில் அதற்கேற்ப அனுசரித்துப் போகிறது. மாற்றுவது மட்டும் ஒரே காலையில் நடக்கிறது. நேற்றுவரை நைந்த நுரைக்கு இசைவாக ஓடிக்கொண்டிருந்த கால், இன்று விறைப்பாக நிமிர்ந்து நிற்கும் புது நுரையில், வேறு உயரத்தில், வேறு சாய்வில் இறங்குகிறது. அதே மாடலின் புது ஜோடியே பழைய ஜோடியிலிருந்து இவ்வளவு தள்ளி நிற்கிறது என்றால், வேறு கம்பெனியின் வேறு வகை ஷூ எவ்வளவு தள்ளி நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பழையது முற்றிலும் படுத்துவிடும்வரை காத்திருக்காமல், அதற்கு இன்னும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் உயிர் இருக்கும்போதே புதியதை வாங்கி, முதலில் சின்ன ஓட்டங்களுக்கு மட்டும் போட்டு, இரண்டையும் சில வாரம் மாற்றி மாற்றி ஓடுவது இதனால்தான் புத்திசாலித்தனம். லக்சம்பர்க்கில் மாலிசூ குழுவினர் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் பின்தொடர்ந்ததில், ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றிப் போட்டவர்களுக்குக் காயம் படும் அபாயம் 39 சதவீதம் குறைவாக இருந்தது. அது வெறும் கண்காணிப்பு ஆய்வு. பல ஜோடி வைத்திருப்பவர் மற்ற விஷயங்களிலும் அனுபவசாலியாக இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அது இங்கே சொல்லும் வாதத்தோடு ஒத்துப்போகிறது.

இனி கடையில் நடக்கும் சடங்குக்கு வருவோம். பாதத்தை நனைத்துத் தாளில் பதிக்கச் சொல்வார்கள்; அல்லது டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பின்னாலிருந்து படம் பிடிப்பார்கள். தட்டைப் பாதம், பாதம் உள்பக்கம் சாய்கிறது, ஆகவே உள்பக்கம் கெட்டியான, சாய்வைத் தடுக்கிற ஷூ. வளைவு உயர்ந்த பாதம், ஆகவே மெத்தை ஷூ. நடுத்தரம் என்றால் நடுத்தரம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பொருத்தம் பார்த்துக் கல்யாணம் பண்ணுவது போன்ற நியாயம். இந்தப் பொருத்தத்தைப் பெரிய அளவில் சோதித்தது அமெரிக்க ராணுவம். தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் அடிப்படைப் பயிற்சிக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்களை நாபிக் என்ற ஆய்வாளரின் குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குப் பாத வடிவம் பார்த்து ஷூ. மறு பாதிக்கு, பாதம் எப்படி இருந்தாலும் ஒரே வகை ஷூ. காயங்களின் எண்ணிக்கையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே நடுத்தர ஷூவைக் கொடுத்து ஓராண்டு பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது. பாதம் உள்பக்கம் சாய்கிறவர்களுக்குக் காயம் அதிகமாக வரவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் அவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே வந்திருந்தது. 2011இல் அரை மாரத்தானுக்குத் தயாரான 81 பெண்களிடம் செய்த சோதனையில், சாய்வைக் கடுமையாகத் தடுக்கும் ஷூ போட்டவர்களே அதிக வலியைச் சொன்னார்கள்.

எதிர்ச் சான்றும் உண்டு, அதை மறைப்பது முறையல்ல. 2016இல் அதே லக்சம்பர்க் குழு 372 பேரிடம், யார் எந்த ஷூ போட்டிருக்கிறார் என்பது ஓடுபவருக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாதபடி செய்த சோதனையில், சாய்வைத் தடுக்கும் ஷூ காயத்தைக் குறைத்தது. உள்பக்கம் சாயும் பாதமுள்ளவர்களிடம் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. 2020இல் 848 பேரிடம் மென்மையான நுரையையும் கெட்டி நுரையையும் ஒப்பிட்டபோது கெட்டி நுரைக்காரர்களுக்குக் காய அபாயம் ஒன்றரை மடங்கு. அதிலும் உடல் எடை குறைந்தவர்களுக்கே மென்மை கூடுதலாக உதவியது. கனத்த உடம்புக்குத்தான் மெத்தை ஷூ என்ற வழக்கமான அறிவுரைக்கு இது நேர் எதிர். ஆக, ஷூவுக்கும் காயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 12 சோதனைகளையும் அவற்றில் கலந்துகொண்ட 11,240 பேரையும் சேர்த்து ஆராய்ந்தபோது, ஒரு வகை ஷூ இன்னொன்றைவிடக் காயத்தைத் தடுக்கிறது என்பதற்கோ, பாதம் பார்த்துக் கொடுப்பதால் பயன் என்பதற்கோ வலுவான ஆதாரம் சிக்கவில்லை. ஒரு சோதனை ஒரு பக்கம், இன்னொன்று மறுபக்கம் என்று இழுக்கும்போது, பத்து நிமிஷ வீடியோவை வைத்து, இதுவரை வலியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒருவரின் காலைத் 'திருத்த' முற்படுவதற்குக் கடைக்காரருக்கு என்ன உரிமை?

திருத்தப் போய் வம்பில் முடிந்த கதையும் சமீபத்தில் நடந்ததுதான். 2009இல் கிறிஸ்டோபர் மெக்டூகலின் 'பார்ன் டு ரன்' புத்தகம் வெளிவந்து, வெறுங்கால் ஓட்டம் ஒரு மோகமாகப் பரவியது. விரல் விரலாகப் பிரிந்த, மெத்தையே இல்லாத ஷூக்களுக்கு மக்கள் தாவினார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து வாரத்தில் அந்த ஷூவுக்கு மாற முயன்ற 19 பேரில் 10 பேரின் பாத எலும்புக்குள் நீர்கோத்த வீக்கம் அதிகரித்திருந்ததை ஸ்கேன் காட்டியது. விளம்பரத்தில் சொன்ன பலன்களுக்கு ஆதாரம் இல்லை என்று தொடுக்கப்பட்ட வழக்கை, அந்த ஷூவைத் தயாரித்த விப்ரம் நிறுவனம் 2014இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. இதிலிருந்து வெறுங்கால் கெடுதல் என்று முடிவுகட்டுவது அவசரம். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு ஓடுகிறவரின் காலுக்கு அது பழக்கம். முப்பது வருஷம் மெத்தையில் வளர்ந்த காலுக்கு அது பத்து வாரத்தில் வந்துவிடாது. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையிலான உயர வித்தியாசத்திலும் இதே கதைதான். 553 பேரிடம் 10, 6, 0 மில்லிமீட்டர் வித்தியாசமுள்ள ஷூக்களைக் கொடுத்துப் பார்த்ததில் மொத்தத்தில் மாற்றம் தெரியவில்லை. பிரித்துப் பார்த்தால், எப்போதாவது ஓடுபவர்களுக்குத் தட்டையான ஷூவில் அபாயம் குறைவு, விடாமல் ஓடுபவர்களுக்கு அதிகம். ஓட்டம் எவ்வளவு ஊறிப்போயிருக்கிறதோ அவ்வளவுக்கு மாற்றம் வலிக்கும் என்று இதைப் படிக்கலாம்.

அப்படியானால் பழைய ஷூவை எப்படி வாசிப்பது? அதை மேஜைமேல் வைத்துக் கண்ணை மேஜை மட்டத்துக்குத் தாழ்த்திப் பின்னாலிருந்து பாருங்கள். குதிப்பகுதி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால், நுரை அந்தப் பக்கம் படுத்துவிட்டது. பக்கவாட்டில் நுரையின் மேல் ஓடும் கிடைமட்டச் சுருக்கங்கள் ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகும் விரியவில்லையென்றால் வேலை முடிந்தது. அடி ரப்பரில் குதிகாலின் வெளி ஓரம் அதிகம் தேய்ந்திருப்பதைக் கண்டு யாரும் பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். குதிகால் முதலில் படும்படி ஓடுகிறவர்களுக்கு அது இயல்பு, பெரும்பாலோருடைய கால் அந்த ஓரத்தில்தான் தரை தொடுகிறது. மேல்துணியைப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் துணி புடைத்தோ கிழிந்தோ இருந்தால் ஷூ அகலம் போதவில்லை. பெருவிரல் நகத்துக்கு மேலே ஓட்டை விழுந்திருந்தால் பெரும்பாலும் நீளம் போதவில்லை. உள்ளே குதிகாலைச் சுற்றிய துணி நைந்திருந்தால் குதி வழுக்கிக்கொண்டிருந்தது. உள் அட்டையை உருவி எடுத்தால் ஐந்து விரலும் குழியாகப் பதிந்திருக்கும். அந்தக் குழிகள் அட்டையின் விளிம்பைத் தாண்டுகின்றனவா என்று பார்த்தாலே அடுத்த சைஸ் தெரிந்துவிடும். எந்தக் கேமராவும் அள்ளித் தராத தகவல் இது, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி எழுதியது.

அகலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்க் கால்களுக்கு அதுதான் அடிக்கடி இடறுகிறது. நாம் இன்றும் பிரிட்டிஷ் சைஸில் ஷூ வாங்குகிறோம். ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு நீள வித்தியாசம், அகலத்தைப் பற்றி அந்த எண் வாய் திறப்பதில்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. இந்தியப் பாதங்கள் பொதுவாக ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்று அது காட்டியது. அதன் அடிப்படையில் 'பா' என்ற பெயரில் தனி சைஸ் முறை முன்வைக்கப்பட்டிருக்கிறது. அது கடைக்கு வந்து சேரும்வரை நம்மவர்கள் செய்கிற தந்திரம், அகலம் வேண்டி ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, குதி வழுக்காமல் இருக்க நாடாவை இறுக்குவது. நீளம் கூடிப்போய் ஷூ மடங்க வேண்டிய இடம் விரல் மடங்கும் இடத்துக்கு முன்னால் தள்ளிப்போகிறது. மேல்பாதத்தில் நாடா அழுத்தி மரத்துப்போகிறது. பல கம்பெனிகள் ஒரே மாடலை அகல அச்சிலும் செய்கின்றன. அது கையிருப்பில் இல்லாதபோதுதான் 'ஒரு சைஸ் பெருசு போட்டுப் பாருங்க சார்' என்ற குரல் கேட்கும்.

சௌகரியத்தை நம்புவது சோம்பேறித்தனம் என்று ஓர் ஆட்சேபம் எழும். கனடாவின் கால்கரியில் நீண்ட காலம் ஆய்வு செய்த பென்னோ நிக், 2015இல் இதைத்தான் முன்வைத்தார்: ஒவ்வொரு உடம்புக்கும் தனக்கென்று விருப்பமான அசைவுப் பாதை உண்டு, அதைக் குலைக்காத ஷூவையே சௌகரியம் என்று உணர்கிறோம், அந்த உணர்வே நல்ல வடிகட்டி. இது நிரூபிக்கப்பட்ட சட்டம் அல்ல, நல்ல ஊகம். இதன் பலவீனம், சௌகரிய உணர்வை ஏமாற்றலாம் என்பது. ஒரே ஷூவை உயர்ந்தது என்றும் சாதாரணமானது என்றும் இரண்டு விதமாகச் சொல்லிக் கொடுத்தால், உயர்ந்தது என்று கேட்டதே சுகமாக இருப்பதாக ஓடுபவர்கள் சொல்வது சோதனையில் தெரிந்திருக்கிறது. விலைச்சீட்டை மறைத்துவிட்டாலோ நிலைமை வேறு: 2008இல் ஸ்காட்லாந்தில் மூன்று பிராண்டுகளின் மலிவு, நடுத்தர, உயர்விலை ஷூக்களை ஒப்பிட்டபோது பாத அழுத்தத்திலும் சரி, சௌகரியத்திலும் சரி, விலைக்கேற்ற வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. ஆக சௌகரியத்தைக் கைவிடத் தேவையில்லை, அதைக் கறாராக்கினால் போதும். ஒரு காலில் பழையது, மறுகாலில் புதியது போட்டுக் கடைக்குள் நடப்பதும், பிறகு கால் மாற்றிப் போட்டு நடப்பதும் விளம்பர வாசகத்தின் பிடியைத் தளர்த்திவிடும். நாளெல்லாம் நின்று நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போக வேண்டும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

பழைய ஷூவே தப்பானதாக இருந்தால் என்ன செய்வது என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். வலித்துக்கொண்டே ஓடியவர் அதே மாடலை வாங்குவது முட்டாள்தனம்தானே? ஆம். பழைய ஷூ அளவுகோல் என்றால் அதைப் பிரதியெடுக்க வேண்டும் என்று பொருளில்லை. எங்கிருந்து, எந்தப் பக்கமாக விலகுகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். முழங்கால் தொந்தரவு செய்தால் குதி உயரம் குறைந்த ஷூ சுமையை முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கு நகர்த்தும். குதிகால் தசைநார் தொந்தரவு செய்தால் நேர்மாறாக யோசிக்கலாம். சுமை காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. ஆகவே ஒரு தடவைக்கு ஒரு குணத்தை மட்டும் மாற்றுவது நல்லது. உயரத்தையும் மென்மையையும் அகலத்தையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வலி வந்தால், குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

2017க்குப் பிறகு வந்த, நுரைக்குள் கார்பன் தகடு பதித்த ஷூக்கள் இந்த வாதத்தை அசைத்துப் பார்க்கின்றன. நைக்கியின் வேப்பர்ஃப்ளை ஓடும் சக்திச் செலவில் சராசரியாக 4 சதவீதம் மிச்சம் பிடித்தது என்று ஆய்வகத்தில் அளந்தார்கள். 2020 ஜனவரியில் உலகத் தடகள அமைப்பு சாலை ஓட்டத்துக்கான ஷூவின் அடித் தடிப்புக்கு 40 மில்லிமீட்டர் உச்சவரம்பு வைக்க நேர்ந்தது. அப்படியொரு லாபம் இருக்கும்போது பழையதோடு ஒட்டிக்கொண்டிருப்பானேன்? போட்டி நாளுக்கு வேண்டுமானால் சரி. அந்த ஷூக்களின் உயிர் பீபா என்ற நுரையில் இருக்கிறது. 450 கிலோமீட்டர் ஓடிய பீபா ஷூ, சாதாரண ஈவிஏ ஷூவைவிடத் தனக்கிருந்த அனுகூலத்தை இழந்துவிட்டதாக அண்மை ஆய்வு சொல்கிறது. ஈவிஏ ஷூ அவ்வளவாக மாறவில்லை. அதிக விலை கொடுத்து, தினசரி ஓட்டத்தில் அதைத் தேய்த்துத் தீர்ப்பதில் அர்த்தமில்லை.

கடைசியாக, நடைமுறையில் எல்லோரையும் வாட்டுவது: காலுக்குப் பழகிய மாடலே அடுத்த வருஷம் இருக்காது. பெயர் அதே, பின்னால் எண் மட்டும் ஒன்று கூடியிருக்கும். நுரை மாறியிருக்கும், அச்சு குறுகியிருக்கும். ஓட்டக்காரர்களின் நீண்டநாள் புகார் இது, நியாயமானதும்கூட. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் தைத்துக் கப்பலேறும் ஷூவாக இருந்தாலும் அச்சு எங்கோ வேறு நாட்டில்தான் தீர்மானமாகிறது. எண் மாறிய மாடலைப் பெயரை நம்பி இணையத்தில் வாங்காமல், புது ஷூவை வாங்குவது போலவே பழைய உள் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இன்னொரு வழி, புது எண் வந்தவுடன் பழைய எண் தள்ளுபடிக்கு வரும்போது இரண்டு ஜோடியாக எடுத்துவைப்பது. நல்ல யோசனைதான், ஆனால் நம் ஊர் ஈரத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். பாலியூரித்தேன் கலந்த அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித் தானாகவே சிதையும். நாலைந்து மழைக்காலம் அட்டைப்பெட்டியில் கிடந்த, ஒரு நாள்கூடப் போடாத ஷூ, முதல் நாள் நடையிலேயே அவித்த கிழங்கு மாதிரி உதிர்ந்து அடி தனியாகக் கழன்றுவிடும். ஈவிஏ அப்படி உதிராது. ஆனால் அதை ஒட்டிய பசைக்கு வெயிலில் நிற்கும் காரின் டிக்கி ஆகாது. எடுத்துவைத்தாலும் ஓராண்டுக்குள் காலில் ஏற்றிவிடும் கணக்கோடு வாங்கி, பெட்டியின் மூடியில் வாங்கிய மாதத்தைப் பேனாவால் எழுதி வைக்கலாம்.